ஒரு சாண் கீறல்

“இடது பக்கம்! இடது பக்கம்ங்க!” என்று மனைவி கத்தியபோது டிராயிங் மாஸ்டர் வலது பக்கம் திருப்பிவிட்டிருந்தார். பாலத்தூணில் படகு நறநறவென்று உரசிக்கொண்டு போனது.

மேலே முதல் நகரத்தின் பேருந்துகள் கவலையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. கீழே, பளபளக்கும் நீலத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைக் கீறல்.

“போச்சு. மாடி வீடு போச்சு” என்றாள் மனைவி.

படகு அவளுடைய அண்ணனுடையது. போட்டோவை மட்டும் பார்த்து வாங்கியது. மூன்று நகரங்களைத் தாண்டி அதைத் தன் ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கும்படி மாஸ்டரிடம் சொல்லியிருந்தார். மாஸ்டருக்கும் அதே ஊருக்குத்தான் மாற்றல். குடியிருக்க மச்சானின் மாடி வீட்டைத்தான் நம்பியிருந்தார். ஆனால் மச்சான், இரவல் கொடுத்த செய்தித்தாளில் மடிப்புக் கலைந்திருக்கிறதா என்று பார்க்கிற மனிதர்.

“ஒரு கீறல் இல்லாம கொண்டாங்க மாப்பிள்ளை. வீட்டை எப்படி வச்சுக்குவீங்கன்னு அதுலயே தெரிஞ்சுடும்” என்று சொல்லியிருந்தார்.

“நான் டிராயிங் மாஸ்டர். ஒரு கீறலை மறைக்கத் தெரியாதா எனக்கு?” என்று கரையேறிய மாஸ்டர், சின்ன டப்பா நீலப் பெயின்ட்டோடு திரும்பினார்.

“இது வேற நீலமா இருக்கே?”

“காஞ்சா சேந்துக்கும்.”

காய்ந்தது. சேரவில்லை. சட்டைப் பையில் மை கொட்டியது போல் தனியாகத் தெரிந்தது.

இரண்டாவது நகரத்தில், கண்ணாடிக் கட்டடங்களின் நிழலில் படகைக் கட்டிவிட்டு, கீறல் விழுந்த பக்கம் முழுவதையும் புது நீலத்தால் அடித்தார். கரையில் நடக்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“இப்ப சரியா?”

“இங்க நின்னு பாத்தா சரி. அண்ணன் அந்தப் பக்கமும் போவாரே?”

கடையில் நீலம் தீர்ந்திருந்தது. பச்சைதான் வேண்டிய மட்டும் இருந்தது. சாயங்காலத்துக்குள் படகு முழுக்கப் பச்சை. பச்சையோடு பச்சையாகப் பதிவு எண்ணும் மறைந்துபோனதை மனைவிதான் கவனித்தாள்.

“நம்பர் என்னங்க?”

“நீ பாக்கலையா?”

“உங்க பக்கத்துல உக்காந்துக்கிட்டு நம்பரா பாக்க முடியும்? உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுல்ல வந்தேன்!”

கடைசியில் அவளே போன் செய்தாள். “அண்ணே, போட் நம்பர் என்ன? ஒண்ணுமில்ல, சும்மாதான்... மனப்பாடம் பண்ணலாம்னு.”

அண்ணன் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். மாஸ்டர் நாக்கைத் துருத்திக்கொண்டு அழகாக எழுதி முடித்தார்.

மூன்றாவது நகரம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. வழியெல்லாம் ஒத்திகை.

“நீலம் மங்கிக் கெடந்துச்சு மச்சான்...”

“கண்ணைப் பாத்துச் சொல்லுங்க.”

“கண்ணைப் பாத்தா உளறிடுவேன்டி.”

“அப்ப மூக்கைப் பாத்துச் சொல்லுங்க.”

படகுத்துறையில் மச்சான் கைகட்டி நின்றிருந்தார். மாஸ்டர் மூக்கைப் பார்த்தே சொல்லி முடித்தார். மச்சான் குனிந்து இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். விரலால் தடவினார். பதிவு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். மாஸ்டரின் முதுகில் வியர்வை வழிந்தது.

“ஒரு கீறல்கூட இல்லையே!” என்றார் மச்சான். “என் பொருளை இவ்வளவு அக்கறையா யாரும் பாத்துக்கிட்டதில்ல மாப்பிள்ளை.”

மாடி வீட்டுச் சாவியை மாஸ்டரின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாஸ்டருக்கு மூன்று நாளில் முதல்முறையாகப் பசித்தது.

அப்போது மச்சானின் போன் அடித்தது. ஒரு கையில் படகுக் கயிறு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். அவர்கள் புறப்பட்டு வந்த படகுத்துறையின் காவலாளி பேசினான்.

“சார், உங்க நீலப் போட்டை எப்ப எடுப்பீங்க? மூணு நாளா கட்டின இடத்துலயே கெடக்கு. சீக்கிரம் ஆளை அனுப்புங்க சார், பக்கத்துல நின்ன ஜட்ஜ் ஐயா போட்டையே எவனோ திருடிட்டுப் போயிட்டான்!”