துரைசானிக்கு எண்ணெய்க் குளியல்

சமைக்கத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிற பெண்ணைக்கூடப் பார்த்திருக்கிறேன். கைவைத்தியம் தெரியாது என்று ஒப்புக்கொள்கிற ஒருத்தியைச் சாந்தோம் முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டாள். நானும் ஒப்புக்கொண்டதில்லை. ஒரு கோழிதான் என்னை ஒப்புக்கொள்ள வைத்தது, அதுவும் நாலு பேர் முன்னால்.

எனக்குக் கல்யாணமான புதிது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம், லஸ் பக்கம் டிராம் ஓடிய காலம். என் வீட்டுக்காரருக்கு அச்சாபீசில் வேலை. அவருடைய அக்கா பிலோமினா, எனக்கு அண்ணி, கணவரை இழந்தவர். மகள் ரோஸியோடு எங்களுடன்தான் இருந்தார். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். கொல்லையில் அவர் வளர்த்த கோழிகள்கூட அந்தச் சட்டத்துக்கு அடங்கி நடந்தன. (அடங்காதது நான் ஒருத்திதான்.)

என் அம்மா என்னோடு அனுப்பிய சீரில் ஒரு வெள்ளைக் கோழியும் இருந்தது. நிறத்தைப் பார்த்துத் துரைசானி என்று பெயர் வைத்தேன். வந்த சில நாளிலேயே துரைசானி சிறகை உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். கொண்டை வெளுத்தது, இரை எடுக்கவில்லை. அண்ணி இறக்கையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே பொடிப்பொடியாகச் செள்ளுப்பூச்சி ஊர்ந்துகொண்டிருந்தது.

"ஐய! இன்னாடி இது? உங்கம்மா கோழி அனுப்பிச்சாங்களா, செள்ளு அனுப்பிச்சாங்களா?"

என்னைச் சொன்னால் பொறுத்துக்கொள்வேன். அம்மாவைச் சொன்னால்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணி அதைக் கவனிக்காமல் அடுக்கிக்கொண்டே போனார். "தனியா பஞ்சாரக் கூடையில கவுத்து வை. அடுப்புச் சாம்பல்ல நல்லா பொரட்டு. அந்தப் பஞ்சாரத்து மூங்கில் சந்துல மண்ணெண்ணெ தடவி வெயில்ல போடு, செள்ளு அதுலதான் குந்திக்கினு கீது. நல்லா ஆனப்புறம் இருட்டுற நேரத்துல நானே என் கோழிங்களோட சேத்து அடைக்கிறேன், அப்பத்தான் புதுசுன்னு கொத்தாது. அதுவரிக்கும் நீ அதத் தொறந்து வுடாதே. ஞாயித்துக்கிழமை ரோஸியப் பாக்க வர்றாங்க, நெனப்பு கீதா?"

நினைப்பு இல்லாமல் என்ன! அப்பன் இல்லாத பெண் என்று வந்த இடமெல்லாம் தட்டிப் போய்க்கொண்டிருந்தது. இந்த ராயபுரத்து இடம் ஒன்றுதான் தானாகக் கேட்டு வந்தது. பையனைத் திருவிழாவில் தூரத்திலிருந்து பார்த்திருந்த ரோஸி, அந்த வாரம் முழுக்க உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டுச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

சாம்பலாம், மண்ணெண்ணெயாம்! என் தலைப்பேனை என் அம்மா எண்ணெயும் சீயக்காயும் சாம்பிராணியும் போட்டு ஓட்டியவள். தலைக்கு ஆனது கோழிக்கு ஆகாதா? துரைசானி பெண் ஜன்மமாயிற்றே என்று வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, அண்ணி கடைக்குப் போன நேரத்தில் நல்லெண்ணெயைக் காய்ச்சி உச்சந்தலையிலிருந்து வால் வரை தேய்த்தேன். சீயக்காய் கண்ணில் பட்டதும் அவள் போட்ட கூச்சலில் கடற்கரைக் காக்கையெல்லாம் எங்கள் ஓட்டின் மேல் கூடிவிட்டன.

பிறகு சாம்பிராணி. நாங்கள் கூந்தல் உலர்த்துவதுபோலவே தணலில் தூவி, அவளையும் பக்கத்தில் வைத்து மேலே அதே பஞ்சாரத்தைக் கவிழ்த்தேன். (மண்ணெண்ணெய் தடவச் சொன்னது மறந்தா போயிற்று? வீம்பு.) புகை தாளாமல் மூங்கிலில் இருந்த செள்ளு கிளம்பும், கிளம்பினால் கோழி மேல்தான் இறங்கும் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை. கடைசியில் என் முகப்பவுடரையும் அள்ளிப் பூசினேன். நனைந்த துடைப்பம்போல இருந்தவள் காய்ந்து, பவுடரும் ஏறியதும் பளிச்சென்று ஆகிவிட்டாள். வைத்தியம் முடிந்தது என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பையனும் அவன் தாயாரும் வந்தார்கள். அண்ணி கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார். எனக்குக் கை அரித்தது. (அப்போது வெறும் ஆசையால்தான்.) வந்தவர்கள் கொல்லைப் பக்கம் வந்தால், அண்ணியின் கோழிகளுக்கு நடுவே என் அம்மா கொடுத்த கோழி ராணிபோல நடக்க வேண்டும். பட்டப்பகலில் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டேன்.

அண்ணியின் கோழிகள் தலையை நிமிர்த்தின. சாம்பிராணி வாசனையோடு, பவுடர் பூசிக்கொண்டு வந்து நிற்கிற இது என்ன ஜந்து? ஒரு சிவப்புக் கோழி ஓடிவந்து கொண்டையில் கொத்தியது. பிறகு எல்லாம் சேர்ந்துகொண்டன. துரைசானி ஐயோ குய்யோ என்று அலறி, அடுப்படியில் பாய்ந்து, காபித் தட்டு ஏந்தியிருந்த ரோஸியின் காலில் இடறி, கூடத்துக்குப் பறந்து, மாப்பிள்ளையின் தாயார் மடியில் போய் விழுந்தாள்.

அந்த அம்மாள் தங்கமானவர். "வுடும்மா, வாயில்லா ஜீவன்," என்று தடவிக்கொடுத்தார். "இன்னா வாசனையா கீது பாரேன்!"

வாயை மூடிக்கொண்டு தூக்கிப் போனேனா? "எங்கம்மா குடுத்த கோழி. சீக்கா கெடந்துச்சு, நான்தான் வைத்தியம் பாத்தேன்," என்றேன்.

"அப்படியா? இன்னா சீக்கு?" என்று கேட்டபடியே அந்த அம்மாள் கழுத்தைச் சொறிந்தார். அப்புறம் முழங்கையை. பக்கத்தில் பையன் காதைச் சொறிந்தான். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செள்ளு," என்றேன்.

அந்த அம்மாள் எழுந்து நின்று பட்டுப்புடவையை உதறின உதறல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. காபியைத் தொடவில்லை. "சொல்லி அனுப்புறோம்," என்று வாசலில் நின்று சொன்னார்கள். ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. அடுத்த மாதம் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் நிச்சயமாயிற்று.

அண்ணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குப் பதில் பேசித் தப்பித்திருப்பேன். அவர் பாட்டுக்குத் துரைசானியைச் சாம்பலில் புரட்டினார், பஞ்சாரத்துக்கு மண்ணெண்ணெய் தடவினார், குணமானதும் ஒரு நாள் இருட்டுகிற நேரத்தில் தன் கோழிகளோடு அடைத்தார். விடிந்தபோது எல்லாம் ஒன்றாக மேய்ந்தன. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, வந்தவர்கள் போனதும், ரோஸி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு டம்ளர்களைக் கழுவியதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ரோஸி..." என்றேன்.

"நிம்மதியா அழக்கூட முடியல அத்த," என்றாள். "அரிக்குது."

செத்துவிடலாம் போலிருந்தது.

மறு வருஷம் மந்தைவெளியில் ஒரு நல்ல இடம் அமைந்தது. கோவிலில் பூசையின்போது கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். "இந்தக் கல்யாணத்துக்கு ஏதாவது தடை தெரிந்தவர்கள் இருந்தால் சொல்ல வேண்டும்," என்று சாமியார் கேட்டார். எங்கள் சனம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. அந்த நேரம் பார்த்தா என் மூக்கு அரிக்க வேண்டும்? அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து, காதோடு சொன்னார்: "எங்க அரிச்சாலும் பொறுத்துக்க. கைய மட்டும் தூக்கிடாத."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கு ஓலை வாசித்தாலும், சாமியார் அந்த இடத்துக்கு வந்ததும் இரண்டு பக்கமும் இருப்பவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ரோஸியின் மகளுக்கு ஓலை வாசித்த அன்று பிடித்தது ரோஸி. கொஞ்சம் அழுத்தமாகத்தான் பிடித்தாள்.