டோர் லீடர்

உலகத்தில் மொழிகள் எத்தனையோ உண்டு. ஆனால் பழியை அடிபட்டவர் கையிலேயே மரியாதையாகத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்த ஒரே மொழி ஆங்கிலம்தான். அந்த மகத்தான மொழி, பத்தாம் வகுப்பு ஷீபாவின் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டிருந்தது.

"சொல்லும்மா. நான் இன்னா கேக்கறன்னு அவராண்ட சொல்லு" என்றார் காஜா மைதீன், இரண்டாம் முறையாக.

எதிரே தாளாளர் ராஜாங்கம். அவர் பக்கத்தில் ஆங்கில ஆசிரியை இசைவாணி மிஸ். ஜன்னலுக்கு வெளியே, பெருக்கிய தரையையே மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தாள் ரீத்தா. பள்ளியின் துப்புரவுப் பணியாளர், ஷீபாவின் அம்மா.

பள்ளி கள்ளக்குறிச்சிக்கு வெளியே, கரும்புக்காட்டை ஒட்டி இருந்தாலும் பெயரில் ‘இன்டர்நேஷனல்’ இருந்தது. ஆகவே வளாகத்துக்குள் தமிழ் கூடாது. தமிழ் பேசும் மாணவர் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். பெற்றோரை ஓட விடுவது நாகரிகமில்லை என்பதால், நிர்வாகம் பெருந்தன்மையோடு அவர்களுக்கு ஒரு ‘மொழிபெயர்ப்பாளரை’ நியமித்தது. சென்ற மாதம் நடந்த ‘செல்ஃப் வார’த்தில் ஷீபா முதல் பரிசு வாங்கியிருந்தாள். அதற்கான தண்டனை இது.

செல்ஃப் வாரம் ஒரு பொற்காலம். தினமும் காலை பிரேயரில் எண்ணூறு பிள்ளைகளும் ஒரே குரலில் முழங்கினார்கள்: "ஐ ஹர்ட் மைசெல்ஃப்! யூ ஹர்ட் யுவர்செல்ஃப்! ஷி ஹர்ட் ஹெர்செல்ஃப்!" என்னை நானே காயப்படுத்திக்கொண்டேன், உன்னை நீயே, அவளை அவளே. யாரும் யாரையும் காயப்படுத்தாத அப்படியொரு அகிம்சை உலகத்தை மகான்கள்கூடக் கண்டதில்லை. இசைவாணி மிஸ் கண்டார்.

அதற்கு அடுத்த வாரம்தான் கல்வராயன் மலைக்குச் சுற்றுலா. வேனின் பின்கதவுக்கு லாக் போய் மாதக்கணக்காகிவிட்டது. சாதாரணப் பள்ளியாக இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கும். இந்தப் பள்ளி அதில் ஒரு தலைமைப்பண்புப் பயிற்சியைக் கண்டது. கதவை நைலான் கயிற்றால் கட்டி, கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள ஒரு மாணவியை அமர்த்தி, ‘டோர் லீடர்’ என்று பேட்ஜும் குத்தியது. அந்தப் பதவிக்குத் தேர்வானவள் காஜா மைதீனின் மகள் ருக்ஷானா. ஷீபாவின் பெஞ்சுக்காரி.

வெள்ளிமலைக்குப் போகும் வளைவில் கயிறு அறுந்தது. கதவு திறந்தது. தலைவர்கள் பதவியை அவ்வளவு சுலபத்தில் விடுவதில்லை. ருக்ஷானாவும் கைப்பிடியை விடவில்லை. கதவோடு சேர்ந்து வெளியே போனாள். வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது.

நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுத்தது. ஓடும் வேனின் கதவைத் தானாகவே திறந்த குற்றத்துக்காக ருக்ஷானாவைப் பள்ளியை விட்டு நிறுத்தியது. பொதுத்தேர்வு எழுத விடுவார்களா என்பது தெரியாது. அதைக் கேட்கத்தான் செருப்புக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு காஜா மைதீன் வந்திருந்தார்.

"மைசெல்ஃப் ராஜாங்கம்" என்று தாளாளர் கைகுவித்திருந்தார். இசைவாணி மிஸ் திருத்தவில்லை. சம்பளம் கொடுப்பவர் இலக்கணத்துக்கு அப்பாற்பட்டவர்.

"லாக்கு போயி எத்தினி மாசமாவுது? அத ஏன் சரி பண்ல? கேளும்மா."

ஷீபா தாளாளர் பக்கம் திரும்பினாள். "சார், ஹி இஸ் ஆஸ்கிங்..."

"முழு வாக்கியம்!" என்றார் மிஸ் ஆங்கிலத்தில். "ஹி இஸ் ஆஸ்கிங் ஹிம்செல்ஃப்."

"ஹி இஸ் ஆஸ்கிங் ஹிம்செல்ஃப், சார்."

அவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறார். தாளாளர் மனம் கனிந்து தலையசைத்தார். ஒரு தகப்பன் தன்னைத்தானே கேட்டுக்கொள்வதில் மூன்றாம் மனிதர் குறுக்கிடுவது பண்பாடா?

"இன்னாம்மா, சும்மா தலையாட்றாரு? பதில் சொன்னாரா?"

"யோசிக்கிறாரு அங்கிள்."

"யோசிக்கட்டும். அந்தக் கயிறு கட்னது யாரு? ஆடு மாட்டுக்குக் கட்ற கயித்தப் போயி புள்ளைங்க வர்ற வண்டிக்கிக் கட்டுவாங்களா?"

மிஸ் காத்திருக்கவில்லை. "தி ரோப் கட் இட்செல்ஃப்" என்று எடுத்துக் கொடுத்தார். கயிறு தன்னைத்தானே அறுத்துக்கொண்டது. ஷீபா அதை அப்படியே சொன்னாள். அந்தக் கயிற்றின் தற்சார்பைத் தாளாளர் டைரியில் குறித்துக்கொண்டார்.

காஜா மைதீன் தாளாளரை விட்டுவிட்டு ஷீபாவின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "ஷீபா, அவர வுடு. நீ எம் பொண்ணு பக்கத்துலதான குந்திக்கினு வந்த? வூட்ல அது கட்டுப் போட்ட கையோட அழுதுக்கினு கெடக்குது. ‘நான் தெறக்கல அத்தா, ஷீபாவக் கேளு’ங்குது. நீ பாத்தியா, இல்லியா?"

ஜன்னலுக்கு வெளியே துடைப்பச் சத்தம் நின்றது. அம்மா நிமிரவில்லை. அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

ஷீபா பார்த்திருந்தாள். கயிறு இழை இழையாகப் பிரிந்ததைப் பார்த்தாள். ருக்ஷானாவின் துப்பட்டாவைப் பிடிக்கப் பாய்ந்ததும், அது கையோடு வந்ததும் ராத்திரியெல்லாம் கண்ணில் நின்றது.

"வாட் இஸ் ஹி சேயிங்?" என்றார் தாளாளர். அவருக்குத் தமிழ் தாய்மொழி. ஆனாலும் விதி விதிதான்.

"சார், ஹி இஸ் ஆஸ்கிங் மீ."

"ஓ! ஆன்ஸர் யுவர்செல்ஃப்" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

ஷீபாவும் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு பிரேயரில் சொல்லும் குரலில், பிழையில்லாமல் சொன்னாள்:

"ஷி ஹர்ட் ஹெர்செல்ஃப், சார்."

"எக்ஸலென்ட்!" இசைவாணி மிஸ் கைதட்டினார். "பி ப்ரௌட் ஆஃப் யுவர்செல்ஃப்!"

வெளியே துடைப்பம் மறுபடி நகர்ந்தது.

"இன்னாம்மா சொன்ன?"

"ருக்ஷானாக்கு... அடிபட்டுச்சின்னு சொன்னேன் அங்கிள்."

"அது எனக்கே தெரியுமேம்மா. ஆஸ்பத்திரில கட்டுப் போட்டப்போ பக்கத்துல இருந்தது நான்தான?" காஜா மைதீன் மெல்ல எழுந்தார். குரலில் கோபமே இல்லை. அதுதான் ஷீபாவைப் பயமுறுத்தியது.

"எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனா டோருன்னா தெரியும், ஆமாவா? கடைக்கி வர்ற சின்னப் புள்ளகூட அத சொல்லுது. அந்த ஒரு வார்த்த எப்ப வரும், எப்ப வரும்னு காத வச்சிக்கினு இம்மா நேரம் குந்தினு இருந்தேன். மூணு பேரு பேசுனீங்க. யாரு வாயிலயும் வரல. ஏம்மா, உங்க இஸ்கூல் இங்கிலீஷ்ல கதவே கெடையாதா?"