குளிருக்குத் தேதி குறித்த கதை

இந்த வருஷம் தில்லிக் குளிரில் எங்கள் பகுதிக் குடிசைகளில் ஒரு ஜீவன்கூட நடுங்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். எங்கள் காலனித் தமிழ் மன்றச் செயலாளர் என்று பிறகு நான் எதற்கு இருக்கிறேன்? வசூல் செய்து நாற்பது கம்பளி வாங்கினேன். எங்கள் வீட்டு பாக்ஸ் கட்டிலுக்குள் அடுக்கிப் பலகையை மூடி, அதன்மேல் நானே படுத்துக்கொண்டேன். காவல் என்றால் அதுதான் காவல்!

"எப்பங்க குடுக்கப்போறீங்க?" என்றாள் என் மனைவி பூங்கோதை.

"சிறப்பு விருந்தினர் தேதி குடுத்ததும்."

அவர் பெரிய அதிகாரி. முதலில் டூர் போனார். திரும்பியதும் மீட்டிங் என்றார். டிசம்பர் கடைசியில் சூரியனே லீவு போட்டுவிட்டது.

"நம்ம வீட்டு வேலைக்கு வர்ற பவுனு என்ன சொன்னா தெரியுமா? குடிசைக்குள்ள கரி அடுப்ப வெச்சு, கதவச் சாத்திட்டுத் தூங்கறாங்களாம். புகை என்ன பண்ணும்னு தெரியும்ல?"

"அச்சச்சோ! அடுப்ப வெளிய வைக்கச் சொல்லு."

"வெளிய வெச்சா உள்ள எப்படிங்க சூடாகும்? அவளுக்கு நாலு வயசுக் குழந்தை இருக்கு."

"விழா நடத்தாம குடுத்தா அதுக்குப் பேரு தானமா?"

"வேற என்ன பேரு?"

ஒரு செயலாளரிடம் இப்படியா கேட்பது? ஆகவே கோபித்துக்கொண்டேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாகியும் இந்த நினைப்பு மட்டும் எனக்குப் போகவில்லை.

பொங்கலுக்கு விருந்தினர் மதுரை போனார். குடியரசு தினத்துக்கு மூச்சுவிட நேரமில்லை என்றார். கடைசியில் பிப்ரவரி பதினெட்டு என்று அருள்பாலித்தார். அன்று காலை வெயில் சுள்ளென்று அடித்தது. வியர்வையோடு கட்டில் பலகையைத் தூக்கினேன்.

உள்ளே பூங்கோதையின் பழைய புடவைகள்.

"கம்பளி எங்கடீ?"

"போர்த்திக்கிறவங்ககிட்ட இருக்கு. டிசம்பர்லயே குடுத்தாச்சு."

"நான்தான் மேலயே படுத்திருந்தேனே!"

"ஆபீஸ் போறப்ப கட்டிலையும் தூக்கிட்டா போனீங்க?"

கத்தத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஒன்று உறைத்தது. பவுனு வீட்டில் ஒன்றரை மாசமாகக் கதவைச் சாத்திக் கரி அடுப்பு எரியவில்லை. நான் சொன்னபடி நடந்திருந்தால்? வெட்கமாக இருந்தது. கட்டில் பலகையை மூடிவிட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.

"இப்ப விழாவுக்கு என்ன பண்றது?" என்றேன் மெதுவாக.

"நடத்துங்க. எல்லாரும் அவங்கவங்க கம்பளிய மடிச்சு எடுத்துட்டு வருவாங்க. உங்க ஆளு அதையே எடுத்துக் குடுக்கட்டும். யாருக்குத் தெரியப்போகுது?"

உண்மையிலேயே யாருக்கும் தெரியவில்லை. மேஜையில் நாற்பது கம்பளி. விருந்தினர் முக்கால் மணி நேரம் குளிரைப் பற்றிப் பேசினார். என் சேவையைப் பாராட்டி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். பிறகு பவுனுவைக் கூப்பிட்டு, முதல் கம்பளியை அவள் தோளில் போர்த்தினார். கேமரா மின்னியது. பவுனு அதை ஒரு தரம் புரட்டிப் பார்த்தாள். மைக் பக்கத்தில்தான் இருந்தது.

"சார், இது பக்கத்து வீட்டு சுப்புவோடது. என்னோடதுல எம் பொண்ணு பால் கொட்டின கறை இருக்கும், கொஞ்சம் பாத்துக் குடுங்க."