தட்டில் ஏறிய முகம்

சூப்பர்வைசர் அருணாச்சலம் உள்ளே நுழைந்ததும் ஆபீஸ் கிளார்க் கிரேஸ் கம்ப்யூட்டர் திரையைத் துப்பட்டாவால் மூடினாள்.

அவர் வந்தது ஷிப்டு ஆட்களுக்குக் கையுறை கேட்க. அது அந்த நிமிஷமே மறந்துபோனது. மறைக்கிற கையைப் பார்த்த பிறகு, மறைத்த சரக்கைப் பார்க்காமல் திரும்புகிற ஆள் அவர் இல்லை. கழுத்தை நீட்டினார். துப்பட்டாவோ மெல்லிசு. அதன் வழியே ஒரு வட்டம் தெரிந்தது. வட்டத்துக்குள் ஒரு முகம். அடர்ந்த மீசை, நெற்றியில் மூன்று கோடு, கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பது போல ஒரு முறைப்பு.

அவருடைய ஐடி கார்டு முகம்!

"இது இன்னாம்மா?"

"ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லாததுக்கு என் மூஞ்சி எதுக்கு?"

"சும்மா... டெஸ்ட் பண்ணிப் பாக்கறேன் சார்."

"டெஸ்ட் பண்ண உன் மூஞ்சி இல்லியா?"

கிரேஸ் துப்பட்டாவை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள். மேசைமேல் இருந்த டிஸ்க் டிரைவ்தான் 'உய்ங்' என்று பதில் சொன்னது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அருணாச்சலம் இரண்டு அடி பின்வாங்கினார்.

காரணம் இருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்த அந்த இரும்புக் கம்பி மில்லுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலையை விட்டுப் போகிறவருக்கு ஒரு மாலை, ஒரு சால்வை, ஒரு டிஸ்க். பிரிவு விழா வீடியோவை டிஸ்கின் ஒரு பக்கத்தில் ஏற்றுவார்கள். பிறகு அதைக் குப்புறத் திருப்பிப் போட்டால், அதே லேசர் மறுபக்கத்தில் அந்த ஆளின் முகத்தை எழுதிவிடும். மை கிடையாது, காகிதம் கிடையாது. மேலே பூசியிருக்கும் பொன் நிறப் பூச்சில் வெளிச்சம் சுட்ட இடமெல்லாம் கறுத்துப்போய், மீசையும் மூக்கும் தானாக எழுந்து வரும்.

முன்பு இருந்த மேனேஜர் இந்த வித்தையில் மயங்கி, டிரைவோடு பெட்டி பெட்டியாக டிஸ்கும் வாங்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தார். இன்றைக்கு டிஸ்க் போட்டுப் பார்க்க யார் வீட்டிலும் கருவி இல்லை. ஆனால் வாங்கிய சரக்கு தீராமல் எந்த முதலாளி வழக்கத்தை மாற்றுவார்?

ஆக, அந்த மில்லில் ஒருவர் முகம் இந்த டிஸ்க் தட்டில் ஏறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆளை அனுப்புகிறார்கள்.

அருணாச்சலத்துக்கு இன்னும் சர்வீஸ் இருந்தது. அதைவிட முக்கியம், மகள் ஸ்நேகாவுக்கு மீஞ்சூரில் இடம் முடிந்து, தையில் கல்யாணம். சம்பந்தி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தது, 'பொண்ணோட அப்பா சிப்காட்ல சூப்பர்வைசர்' என்பதைத்தான். வேலை போனால் அதில் மிச்சம் 'பொண்ணோட அப்பா' மட்டும்.

கையுறை வாங்காமலே வெளியே வந்தார். வராந்தாவில் ஆபீஸ் பெருக்கும் கன்னியம்மா விளக்குமாற்றோடு எதிரே வந்து நின்றாள். எளாவூர்ப் பக்கம் ஒரு துண்டு நெல் வயல் வைத்திருப்பவள்.

"சார், கதிரு பால் புடிச்சிருக்கு. சாயந்திரமானா குருவி பூந்துடுது. கொஞ்சம் முன்னால உடுங்க சார்."

"தினம் இதே பாட்டுதானா? குருவிக்கெல்லாம் கம்பெனி பர்மிஷன் குடுக்காது. போய்ப் பெருக்கு."

அவர் இருந்த நிலையில் அவளுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். அவளும் வாடிக்கையாகக் கிடைப்பதை வாங்கிக்கொண்டு போவது போல நகர்ந்து, நேரே கிரேஸின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

பெருக்குகிறவள் எதற்குக் கதவைச் சாத்த வேண்டும்? அருணாச்சலம் செருப்பு நாடாவைச் சரி செய்வது போலக் குனிந்து காதைக் கதவில் வைத்தார். அவர் போட்டிருந்தது நாடா இல்லாத செருப்பு.

"ஒண்ணு பத்தாது பாப்பா. நாலு மூலைக்கும் ஒண்ணு ஒண்ணு வோணும். நடுவுல ஒண்ணு."

"அவருக்குத் தெரிஞ்சா இன்னாக்கா ஆவறது?"

"தெரியறதுக்குள்ள வேல முடிஞ்சிடும்."

அருணாச்சலம் விரல் விட்டு எண்ணினார். மில்லுக்கு நாலு மூலையிலும் நாலு கேட். நடுவில் ஆபீஸ். அப்படியென்றால் அனுப்புவதோடு விடப் போவதில்லை. திரும்பி உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு கேட்டிலும் அவர் முகத்தை மாட்டப் போகிறார்கள்! எளாவூர் செக்போஸ்ட்டில்கூட லாரியை நிறுத்தத்தான் செய்கிறார்கள். அதற்காக டிரைவர் முகத்தைத் தட்டில் எழுதியா மாட்டி வைக்கிறார்கள்?

மத்தியானம் கிரேஸ் சாப்பிடப் போனதும் உள்ளே புகுந்தார். டிரைவைத் திறந்தார். டிஸ்க் குப்புறக் கிடந்தது. எடுத்துத் திருப்பினார். முகம் இளம்பழுப்பில், வெயிலில் காய்ந்த சினிமா போஸ்டர் மாதிரி இருந்தது.

அழித்துவிட வேண்டும். எப்படி?

அருணாச்சலத்தின் மூளை, உலைப் பக்கத்திலேயே வளர்ந்த மூளை. உலைக்குப் போகும் இரும்புக் கட்டியில் சாக்பீஸால் நம்பர் எழுதியிருப்பார்கள். உள்ளே போய்ச் சூடேறினால் எழுத்து எரிந்து இருந்த இடம் தெரியாது. லேசரும் சூடுதானே? இன்னொரு தடவை சூடு காட்டினால் மூஞ்சி எரிந்து தட்டு சுத்தமாகிவிடும்.

டிஸ்கைக் குப்புறப் போட்டு மூடி, திரையில் தெரிந்த ஒரே பொத்தானை அமுக்கினார். டிரைவ் நிதானமாகச் சுற்றியது. எட்டிப் பார்ப்பதும் வியர்வையைத் துடைப்பதுமாக நின்றார். டிரைவ் சுற்றி முடித்ததும் எடுத்துப் பார்த்தார்.

முகம் போகவில்லை. கறுத்திருந்தது.

"சூடு பத்தல" என்று முணுமுணுத்து மறுபடி போட்டார். இந்த முறை மீசை தார் பூசியது போல ஆனது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதி உருகிய இரும்பை வெளியே எடுத்து அவருக்குப் பழக்கமில்லை. இன்னொரு முறையும் காட்டினார். இப்போது இரண்டு கண்ணும் குழிக்குள்ளிருந்து பாய வருவது போல முறைத்தன. அருணாச்சலமே ஓர் அடி பின்னால் போய் நாற்காலியில் இடித்துக்கொண்டார்.

வெளியே காலடிச் சத்தம். டிஸ்கை டிரைவுக்குள் தள்ளிவிட்டு நழுவினார்.

மறுநாள் காலை டியூட்டிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் கன்னியம்மாவின் குரல்.

"நேத்து குடுத்தது சூப்பர் பாப்பா! மொதல்ல குடுத்தது வெளுத்துப்போய்க் கீது. மீதி எல்லாத்தையும் இதே மாதிரி கறுப்பா போட்டுடு."

"நான் எங்கக்கா கறுப்பா போட்டேன்? தானா ஆச்சு."

"தானா ஆனாலும் நல்லதுக்குத்தான் ஆச்சு."

அருணாச்சலத்தின் பேனா நின்றது. இருந்த முகம் போதாதென்று இப்போது கரியும் பூசியாகிவிட்டது, அதுவும் அவர் கையாலேயே.

யோசித்தார். கம்பெனிக்கு அவர்மேல் அப்படி என்ன கோபம்? உற்பத்தியில் குறை இல்லை, வருகையில் குறை இல்லை. வாய்தான். ஷிப்டில் அவர் போடும் கத்தலில் கிரேன்கூட ஒரு கணம் நின்றுதான் போகும். ஆட்கள் போய்ப் புகார் சொல்லியிருப்பார்கள். சரி, சிரித்துவிட்டால் போகிறது.

ஆபீசிலிருந்து ஷெட்டுக்கு வந்து, வாசலில் நின்று சிரித்தார்.

முதலில் மாட்டியவன் கிரேன் ஓட்டும் எட்வர்ட். வாயில் பாதி இட்லியோடு வந்தவன், அப்படியே நின்றான்.

"சார், ஒடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் கீறேம்பா. நாஷ்டா ஆச்சா?"

எட்வர்டுக்கு இட்லி தொண்டையில் நின்றது. அந்த ஆள் வாயிலிருந்து 'கழுதை'க்குக் குறைந்து எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவன். தலையை ஆட்டிவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அடுத்து வந்தவனின் தோளில் அருணாச்சலம் தட்டிக்கொடுத்தார். அவன் உடனே பையைத் திறந்து காட்டினான், திருட்டுச் சாமான் எதுவும் இல்லை என்று.

விளக்குமாற்றோடு ஷெட்டுக்கு வந்த கன்னியம்மா அவரைப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"சார், சார்! சிரிக்காதீங்க சார்!"

"ஏன், நான் சிரிச்சா உனக்கு இன்னா?"

"வேணாம் சார். உங்களுக்கு அந்த மொறப்புதான் எடுப்பு. மாத்திக்காதீங்க, பேஜாராப் பூடும்."

ஆகா! முகம் மாறினால் கேட்டில் அடையாளம் தப்பிவிடுமே என்ற பயம் என்று அருணாச்சலத்துக்குப் பளிச்சென்று புரிந்தது. அவள் நகர்ந்ததும் இன்னும் அகலமாகச் சிரித்தார்.

டீ நேரத்துக்குள் செய்தி ஷெட் முழுக்கப் பரவிவிட்டது.

"சூப்பர்வைசர் சிரிக்கிறாருடா."

"போடா, பல்லு வலியா இருக்கும்."

"நாஷ்டா ஆச்சான்னு வேற கேட்டாரு."

"அப்ப கன்ஃபார்ம். கம்பெனிய மூடப் போறாங்க!"

கிரேன் நின்றது. ரோலர் நின்றது. ஆட்கள் கும்பலாக ஆபீசுக்கு முன்னால் வந்து நின்றார்கள். மேனேஜர் சுப்பராயன் வெளியே வந்தார்.

"யாருய்யா சொன்னது கம்பெனிய மூடறோம்னு?"

எல்லா விரலும் அருணாச்சலத்தை நோக்கி நீண்டன.

"நான் எதுவும் சொல்லலியே!" என்றார் அருணாச்சலம்.

"சொல்லல சார், சிரிச்சாரு" என்றான் எட்வர்ட்.

சுப்பராயன் அவரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஓடிக்கினு இருந்த மில்ல ஒரே சிரிப்புல நிறுத்திட்டீங்க. உங்கள வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

"அதான் முடிவு பண்ணிட்டீங்களே சார்!"

அருணாச்சலம் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். வரும் வழியில் கிரேஸின் மேசையிலிருந்து எடுத்துச் சட்டைக்குள் செருகிய, கறுப்பாகப் போட்டிருந்த புதுத் தட்டை உருவி மேனேஜர் முன் போட்டார். சுப்பராயன் அதைப் பார்த்த வேகத்தில் நாற்காலி சுவரில் போய் இடித்தது.

"ஐயோ... யாருய்யா இது?"

"நான்தான் சார். தையில பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன். அதுவரைக்கும் இருந்துட்டுப் போறேனே சார். கேட்ல கேட்ல மூஞ்சிய மாட்டி அசிங்கப்படுத்தாதீங்க."

"உங்கள அனுப்பணும்னு நான் கனவுலகூட நெனச்சதில்லியே!" என்ற மேனேஜர், வெளியே கும்பலை எட்டிப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார், "இன்னிக்குக் காலைல வரைக்கும்."

"சார்!"

"இருங்க. வேலை வோணும்னா ஒண்ணு பண்ணுங்க. வெளிய போய்ப் பழையபடி ஒரு கத்து கத்துங்க. அவங்க ஷெட்டுக்குப் போனா நீங்களும் ஷெட்டுக்குப் போலாம்."

அருணாச்சலம் கதவைத் திறந்தார். மூன்று நெற்றிக் கோடுகளும் தங்கள் இடத்துக்கு வந்தன. மீசை விறைத்தது.

"டேய்! இன்னாடா இங்க, தேர்த் திருவிழாவா? உலை ஆறிப்போனா உங்க அப்பனா வந்து மூட்டுவான்? ஓடுங்கடா கழுதைங்களா!"

கும்பல் முகத்தில் வெளிச்சம் வந்தது. "சார் திட்றாருடா! கம்பெனி மூடல!" என்று கூவிக்கொண்டு சந்தோஷமாக ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் ரோலர் உருளும் சத்தம் கேட்டது. சுப்பராயன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி, "போய் வேலையப் பாருங்க. தையில எனக்கும் பத்திரிகை வையுங்க" என்றார்.

வேலை பிழைத்தது. ஆனால் சந்தேகம் அருணாச்சலத்துக்கு வேலையைவிடக் கெட்டியானது. அவர் போகவில்லை. தட்டைக் கையில் தூக்கிப் பிடித்தார்.

"மேனேஜர் போடச் சொல்லல. அப்ப இதை யாரு போட்டது? கிரேஸு! இங்க வாம்மா!"

கிரேஸ் வந்தாள். அவள் பின்னால், விளக்குமாற்றை மறைக்க இடமில்லாமல் கன்னியம்மாவும் வந்தாள். கிரேஸ் தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கடைசியில் கன்னியம்மாவைப் பார்த்தாள்.

"நீயே சொல்லிடுக்கா."

கன்னியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நீங்கதான் குருவி ஓட்ட என்னை வயலுக்கு உட மாட்டேன்னுட்டீங்களே, அதான் உங்களையே அனுப்பி வெச்சேன் சார்; வெறுந் தட்டு தொங்க உட்டப்ப அதும்மேலயே குந்திக்கினு தின்ன குருவி, உங்க மூஞ்சியக் கறுப்பா போட்டு மாட்டினதுலேர்ந்து ஒண்ணுகூட வரப்பைத் தாண்டல!"