பாயசம் பழி நீங்கிய படலம்

“பாயசம் துன்னா வவுறு போவும்யா! தும்மல் எங்கனா வருமா? வாயில ஊத்திகினியா, மூக்குல ஊத்திகினியா?”

கருங்குழி ஈன்ற கரண்டிக் கோமகளும், முந்நூறு இலைக்கு மூன்றே ஆளை வைத்துக்கொண்டு முகம் சுளிக்காமல் உலையேற்றும் மாவீரியும், அண்டா முழங்க அடுப்பு நடுங்க வருபவளுமாகிய செங்கம்மாள், அணு ஆராய்ச்சிக் குடியிருப்பின் பதினேழாம் பிளாக் படிக்கட்டின் அடியில் நின்று இவ்வாறு இடிமுழக்கம் செய்தாள். இரண்டாம் மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த நம் காவிய நாயகரின் குரலும் சளைத்ததாக இல்லை.

“சத்தம் போட்டா உண்மை ஆயிடுமா? பதினெட்டு பேர் படுத்தாங்கம்மா, பதினெட்டு!”

“துன்னது எண்பது பேரு. மீதிப் பேரு இன்னா, எலைய மோந்து பாத்துட்டு எழுந்துட்டாங்களா?”

வாழ்க கோபாலகிருஷ்ணன்! அளவுகருவிப் பிரிவின் அணையா விளக்கே வாழ்க! பால்காரன் ஊற்றும் பாலைப் பால்மானியாலும், மளிகைக்காரன் கட்டும் பருப்பைச் சொந்தத் தராசாலும், மனைவி பார்வதம் போடும் இட்லியின் விட்டத்தை அடிக்கோலாலும் அளந்து பார்த்த பின்னரே உண்ணும் உத்தமரே வாழ்க! அளக்காததை நம்பாத, அளந்ததை ஒருபோதும் அழிக்காத அந்தப் பெருமகனின் புகழைப் பாடத் துணிந்தேன். பாதரச நாவும் பளிங்கு மேனியும் படைத்த வெப்பமானித் தேவியே, நீ முன்னின்று காத்தருள். அதே பிளாக்கில் குடியிருக்கும் நான் சமையலறைக்குப் போன நேரத்தில் நடந்தவற்றைக் கீழ்வீட்டு நர்ஸ் ஜெஸ்ஸியிடம் கேட்டு நிரப்பிக்கொள்கிறேன்.

போர் மூண்ட காரணம் கேளுங்கள். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு ஜூன் இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை. கோபாலகிருஷ்ணனின் ஒரே மகள் ரோகிணிக்கும் அச்சரப்பாக்கத்து ராகவனுக்கும் மாமல்லபுரத்தில் ஒரு மண்டபத்தில் நிச்சயதார்த்தம் நடந்தேறியது. விருந்து செங்கம்மாளின் கைவண்ணம். விருந்துண்ட மூன்றாம் நாளே, புயலில் சாய்ந்த சவுக்குத் தோப்பென, பெண்வீட்டாரில் பத்தும் மாப்பிள்ளை வீட்டாரில் எட்டுமாகப் பதினெட்டுப் பேர் காய்ச்சலில் விழுந்தனர், தும்மினர், இருமினர், பன்ரொட்டி தின்றனர், பிழைத்தனர். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எவருக்கோ வந்தது, எல்லோருக்கும் வந்தது, போனது.

ஆனால் ஆகஸ்டு பிறந்ததும் தொலைக்காட்சிப் பெட்டிகள் தோறும் பன்றிக்காய்ச்சல் என்னும் பேரரக்கன் தோன்றி, எட்டுத் திக்கும் நடுங்க நகைத்தானல்லவா? செங்கல்பட்டு மருந்துக்கடைகளில் முகமூடி தீர்ந்துபோயிற்றல்லவா? அன்று முதல் எங்கள் பிளாக்கில், ஜூன் மாதத்தில் ஒரு தும்மல் போட்டவர்கூட, போர்முனைத் தழும்பைத் தடவிப் பார்க்கும் பழைய வீரனைப்போல, “நமக்கு வந்ததும் அதுவா இருக்குமோ?” என்று கேட்கத் தொடங்கினார். அந்தக் கேள்வியில் பாதி பயம், பாதி பெருமை. உலகையே உலுக்கும் நோய் நம் வீட்டுக்கும் ஒரு நடை வந்துவிட்டுப் போயிருக்கிறதென்றால் சும்மாவா?

பெருமை எத்தனை நாள் தாங்கும்? அதுவென்றால் அதைக் கொண்டுவந்தவர் யார் என்ற அடுத்த கேள்வி எழுந்தது. நிச்சயத்துக்கு முதல்நாள் இரவு அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வந்திறங்கிய கோபாலகிருஷ்ணனின் தங்கை மகன் ரோஹித்தின்மேல் ஊர்க்கண் அனைத்தும் ஒருசேரப் பாய்ந்தது. ஒன்பது நாள் படுக்கையில் கிடந்த மாப்பிள்ளையின் தாயார் சம்பூர்ணம், அச்சரப்பாக்கத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, “சம்பந்தி, உங்க அமெரிக்காப் பையன் இருமிகினே இருந்தானே?” என்று அம்பொன்றை எய்தாள்.

அமெரிக்கப் பேரொளிக்கு மாசு வருவதா? தை மாதக் கல்யாணத்துக்கு இடையூறு வருவதா? கலங்கினார் கோபாலகிருஷ்ணன். கலங்கியவர் கண்ணில் பட்டது பாவம், பாயசம். “எல்லாம் அன்னைக்குப் பாயசம் பண்ணின வேலைங்க!” என்று சம்பந்தியம்மாளுக்குப் பதிலுரைத்தார். உரைத்ததோடு விட்டாரா? குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில், ஆண்டுவிழாவுக்காகச் செங்கம்மாளிடம் சொல்லியிருந்த முந்நூறு இலைச் சாப்பாட்டை ரத்து செய்து, வேன் ஓட்டும் அவள் கணவன் மோசஸிடம் சேதி சொல்லியனுப்பினார்.

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். வயலில் அறுப்பு அறுத்த தாய்க்குப் பிறந்து, பிறர் சமையற்கட்டில் பதினோராண்டு பாத்திரம் கழுவி, கரண்டி பிடிக்கக் கற்று, அந்த வருடம்தான் செங்கம்மாள் தன் பெயரில் அட்டை அச்சடித்திருந்தாள். பாயசப் பேச்சு பரவியதும் கருங்குழியில் ஒரு வளைகாப்பும் கோவளத்தில் ஒரு ஞானஸ்நான விருந்தும் கைநழுவின. இந்த முந்நூறு இலையும் போனால் அந்த அட்டையை அடுப்பில்தான் போடவேண்டும். ஆகவேதான் அந்த ஞாயிறு காலை, மோசஸ் வேனை நிறுத்துவதற்குள் குதித்திறங்கிப் படையெடுத்து வந்தாள்.

மீண்டும் போர்க்களத்துக்கு வருவோம். ஒவ்வொரு மாடியிலும், காய்ந்த துணியை எடுத்து மறுபடி நனைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் கூட்டம் தேவர்கள்போல் வானில் நெருங்கிற்று. கோபாலகிருஷ்ணன் கை உயர்த்தினார்.

“நான் ஆதாரத்தோடதான் பேசுவேன். பார்வதம், அந்தச் சுருளை எடுத்துட்டு வா!”

வந்தது பிரம்மாஸ்திரம். அது என்னவென்று நினைத்தீர்கள்? மனிதர் காய்ச்சலில் படுத்தால் போர்வை தேடுவர். நம் நாயகரோ வரைபடத்தாள் தேடியவர். இரண்டு மணிக்கொரு முறை நாவடியில் வெப்பமானி வைத்து, நூற்றிரண்டு, நூற்றுமூன்று என்று குறித்து, சிவப்பு மையால் புள்ளியிட்டு, புள்ளிகளை வளைகோட்டால் இணைத்து, ஓரத்தில் ‘கூடக்குறைய இவ்வளவு’ என்று பிழை வரம்பும் எழுதி, தேதியும் நேரமும் இட்டு, இறுதியில் கையொப்பமும் போட்டிருந்தார். மலைத்தொடரென ஏறியிறங்கிய அந்தக் கோட்டைப் படிக்கட்டுக் கம்பியின்மேல் விரித்தார்.

“டி.வி.யில டாக்டர் என்ன சொன்னார்? பன்றிக்காய்ச்சல் மெதுவா ஏறுமாம். இதைப் பாருங்க, செங்குத்தா ஏறுது! இது சாப்பாட்டுக் காய்ச்சல். அறிவியல்!”

அவையோர் அயர்ந்தனர். மோசஸ், “வா செங்கு, பட்ச்சவங்க கிட்ட நமக்கின்னாத்துக்கு” என்று பின்வாங்கினான். செங்கம்மாள் அசையவில்லை. புடவைத் தலைப்பால் கை துடைத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்கும் கண்ணால் அந்தத் தாளை இடக்கோடியிலிருந்து பார்க்கத் தொடங்கினாள். பிறகு, பிரளயத்துக்கு முந்தைய காற்றுப்போல் மெல்லக் கேட்டாள்:

“ஐயா, இந்த மொதப் புள்ளி எப்ப வெச்சது?”

“காய்ச்சல் ஆரம்பிச்சப்ப.”

“இருவத்தாறு, வெள்ளி, சாயங்காலம் ஆறரைன்னு எழுதிகீது.”

“ஆமாம். எனக்கு எழுத்து தெளிவு.”

“நிச்சயம் இருவத்தெட்டு. வெள்ளிக்கெழம நானு பாலு கூட சொல்லலியே ஐயா. காய்ச்சாத பாயசம் உன் வூட்டுக்குள்ள எப்டி பூந்துச்சு?”

ஐயகோ! கடல் அலையடிப்பதை மறந்தது. மூன்றாம் மாடியில் ஒரு பாவாடை நழுவிக் கொடியிலிருந்து விழுந்தது. பார்வதம் வாயில் கைவைத்து, “என்னங்க, அன்னைக்கு மாத்திரை போட்டுக்கிட்டு ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லைன்னீங்களே!” என்று தன் படையையே தாக்கினாள். பெண்ணின் நிச்சயம் நின்றுவிடக் கூடாதென்று காய்ச்சலை மறைத்து, மண்டப வாசலில் நின்று, வந்த எண்பது பேருக்கும் தம் கையாலேயே சந்தனம் கொடுத்து, தும்மிய கையாலேயே கற்கண்டு எடுத்து நீட்டிய அந்த வள்ளலை எல்லோரும் நினைத்துக்கொண்டோம். நானும் இரண்டு கற்கண்டு வாங்கினேன். நான் மூன்று நாள் படுத்தேன்.

அந்த ஒரு புள்ளியை அவர் எப்போதோ அழித்திருக்கலாம். ஆனால் எடுத்த அளவை அழிப்பது அவர் குலத்தொழிலுக்கு அடாது. தம் வில்லின் நாணே தம் கழுத்தைச் சுற்றக் கண்ட வீரர், தாளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“சரிம்மா. பாயசம் இல்லை. ஆனா அது பன்றிக்காய்ச்சல்தானான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!”

மறுநாள் செங்கல்பட்டை நோக்கிப் பேருந்தில் திக்விஜயம் புறப்பட்டார். இரண்டு மணிநேரம் வரிசையில் நின்று, கைக்குட்டையை முகமூடியாகக் கட்டி, ஒரு மருத்துவர் முன் சுருளை விரித்தார். நிச்சயத்துக்கு முந்தின செவ்வாய் மாமல்லபுரத்தில் மண்டபம் பார்க்கப் போனபோது ஒரு வெள்ளைக்காரர் புகைப்படம் எடுக்கச் சொல்லித் தும்மியபடி கேமராவைக் கொடுத்ததையும் விண்ணப்பித்தார். மருத்துவர் நெடுநேரம் பார்த்தார்.

“கிராஃப் ரொம்ப அழகா இருக்கு சார். காய்ச்சல் இருக்கும்போது வந்திருந்தா சளி எடுத்துப் பார்த்திருக்கலாம். இப்போ அது பன்னியா, பூனையா, சும்மா காய்ச்சலான்னு யார் சொல்றது? அடுத்தவரை வரச் சொல்லுங்க.”

திரும்பிவந்த நாயகர், சங்க அறிவிப்புப் பலகையில் தம் கைப்பட ஓர் அரசாணை ஒட்டினார்: ‘ஆண்டுவிழா விருந்து திருமதி செங்கம்மாள் அவர்களாலேயே சமைக்கப்படும். முந்தைய காய்ச்சலுக்கும் பாயசத்துக்கும் தொடர்பில்லை. தொடக்கம் 26-6-2009, மாலை 6.30, அடியேன்.’ பிழை வரம்பும் போட்டிருந்தார். முந்நூறு இலையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அச்சரப்பாக்கத்திலிருந்து வந்திருந்த சம்பூர்ணம் பாயசத்தை மூன்று முறை கேட்டு வாங்கிக் குடித்தாள். அமெரிக்காவிலிருந்து நோய் சுமந்து வந்ததாகப் பழிக்கப்பட்ட ரோஹித், உண்மையில் இங்கிருந்து அங்கே கொண்டுபோய் ஒருவாரம் படுத்திருந்தான் என்பதும் பின்னர் தெரியவந்தது.

தை மாதம், திசையெட்டும் மேளம் முழங்க, செங்கம்மாளின் அண்டாக்கள் அணிவகுக்க, சந்தனத் தட்டின் பக்கமே தந்தை அண்டாதபடி ஜெஸ்ஸி காவல் நிற்க, ரோகிணி ராகவனை மணந்து ஓசூருக்குக் குடிபோனாள்.

கல்யாணப் பாயசத்தில் முந்திரி கொஞ்சம் கம்மி.