இது பளிங்கு இல்லைங்க

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் பதித்திருக்கும் ஓனிக்ஸ் கல்லுக்கு, விற்றவர் சொன்ன கணக்குப்படி, இருபது இலட்சம். வீட்டில் யாருக்கு முதல் மரியாதை என்பதில் அவருக்குக் குழப்பமே கிடையாது.

இவரை உங்களுக்குத் தெரியும். கல்யாண ஆல்பம் காட்டுகிறவர்கள் ஒரு வகை. ஆபரேஷன் தழும்பு காட்டுகிறவர்கள் இன்னொரு வகை. இவர் மூன்றாம் வகை, அண்மைக்காலத்தில் பல்கிப் பெருகிவரும் வகை: சுவர்காட்டி. ஆல்பத்தை மூடிவிடலாம், தழும்பைச் சட்டை மறைத்துவிடும். சுவருக்கு முன்னால் மாட்டிக்கொண்ட விருந்தாளி எங்கே ஓடுவார்?

குளிர்பதனக் கிடங்கு ஒன்றின் மேலாளர் அவர். தெரு வைத்த பெயர் ‘சுவிட்சு’. வைக்காமல் என்ன செய்யும்? காலிங் பெல்லை அழுத்தியவரை வாசலிலேயே நிறுத்தி, உள்ளே ஓடி எல்லா விளக்கையும் அணைத்து, வந்தவர் கையைப் பிடித்து இருட்டில் நடத்தி, சோபா முனையில் முழங்கால் இடிக்கும் இடத்தில் “பாத்து, பாத்து” என்று இடித்த பிறகு சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, தொண்டையைச் செருமி, ஒரு கணம் தாமதித்துச் சுவிட்சைத் தட்டுவார். கல்லுக்குப் பின்னால் ஒளித்திருக்கும் விளக்குகள் எரியும். சுவர் முழுக்கத் தேன் நிறத்தில் பற்றிக்கொள்ளும்.

“இது பளிங்கு இல்லைங்க.”

பளிங்கு என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. ஆனாலும் மறுத்துவிடுவார்.

“பளிங்குல லைட்டு இந்த மாதிரி உள்ள பூராது. இது ஓனிக்ஸ். லைட்டு போடாத வரைக்கும் கல்லு. போட்டா உயிரு.”

அடுத்து வருவது தேர்வு. ஒரே பாறையை ரொட்டி மாதிரி அறுத்து, அடுத்தடுத்த இரண்டு பலகைகளை விரித்த புத்தகம் போலப் பதித்திருப்பதால், இடப்பக்கத்துக் கோடுகள் வலப்பக்கத்தில் அப்படியே திரும்பி நிற்கும். அதில் என்ன தெரிகிறது என்று விருந்தாளி சொல்ல வேண்டும். ‘சிறகு விரித்த கழுகு’ என்றால் தேர்ச்சி. ‘வானத்திலிருந்து பார்த்த ஆறு’ என்றால் காப்பி உண்டு. அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். அவர் மட்டும் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “மாமா, ரெண்டு பக்கமும் சளி கட்டியிருக்கு. மூச்ச இழுத்துப் புடிங்க” என்றார். அன்று காப்பி வரவில்லை.

வந்தாலும் நிம்மதியாகக் குடித்துவிட முடியுமா? பக்கத்து மேசையின் பலகையும் ஓனிக்ஸ். கோப்பையை வைக்கப் போனால் அடியில் ஒரு துணியோடு அவர் கை வந்துவிடும். புளிப்பு பட்டால் கல் அரித்துப்போகும் என்பதால் எலுமிச்சம்பழத்துக்கு அந்தக் கூடத்தில் நுழைவே இல்லை. சிரிப்பதற்குக்கூட யோசிக்க வேண்டும், எச்சில் தெறிக்குமே!

இவ்வளவும் வேடிக்கைதான். வேடிக்கை இல்லாதது ஜன்னல்.

இருட்டு இருந்தால்தானே கல்லுக்கு உயிர்? ஆகவே கூடத்தில் இருந்த பெரிய ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். அந்த ஜன்னலோரம்தான் அவர் மனைவியின் மேசை. பள்ளிப் பாடநூல்களுக்குப் படம் வரைகிறவர் அவர்: வேர், இலை, தவளையின் இதயம். மற்ற அறைகளின் ஜன்னல்கள் பக்கத்துக் கட்டடத்தின் முதுகைப் பார்த்து நிற்பவை.

“ஏங்க, நான் எங்க உக்காந்து வரையறது?”

“இங்கயே வரை. சுவரே எவ்வளவு வெளிச்சம் குடுக்குது!”

“ஒரு மேச விளக்காவது...”

“வெள்ள லைட்டு போட்டா சுவரு செத்துடும்மா.”

வரைந்தார். ஒரு தாவரவியல் புத்தகம் முழுவதையும் அந்தத் தேன் வெளிச்சத்தில் வரைந்து அனுப்பினார். ஒரே வாரத்தில் பதிப்பகத்து ஆசிரியை வரைந்த தாள்களோடு நேரிலேயே வந்துவிட்டார். கேட்க வந்தது ஒரே கேள்வி. ஆனால் முதலில் அவரும் கண்ணை மூட வேண்டியிருந்தது.

“இலையெல்லாம் நீலமா இருக்கேம்மா, உடம்புக்கு ஏதும் முடியலையா? இன்னொரு தடவ இப்படி வந்தா ஆபீஸ்ல வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க.”

மனைவி தாளை வாங்கிப் பார்த்தார். பச்சையாகத்தான் இருந்தது. ஆசிரியையும் பார்த்தார். அவர் கண்ணுக்கும் இப்போது பச்சை! தாளை வாசலுக்கு எடுத்துப் போனார்கள். நீலம். உள்ளே கொண்டு வந்தார்கள். பச்சை.

மனைவியின் முகம் வெளிறிப்போனது. நம்மவர் முகமோ மலர்ந்தது.

“பாத்தீங்களா? தப்பு படத்துல இல்ல. உங்க ஆபீஸ் லைட்டுல.”

“சார், ஒவ்வொரு புத்தகத்தோடயும் உங்க சுவர சேத்துக் குடுக்க முடியாதே.”

“எனக்கு ஜன்னல் வேணுங்க” என்றார் மனைவி.

“ஜன்னல் எல்லார் வீட்லயும்தான் இருக்கு.”

“அதனாலதான் எல்லாருக்கும் இலை பச்சையாத் தெரியுது.”

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். சுவரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், திரும்பவும் சுவரைப் பார்த்தார். அந்த இடைவெளியில் ஆசிரியை, தன் அலுவலகத்தில் ஒரு ஜன்னலோரம் காலியாக இருப்பதைச் சொல்லி முடித்துவிட்டார். மனைவி “வர்றேன்” என்று சொல்லியும் முடித்துவிட்டார்.

அப்போதுதான் அவருக்கு நிலைமையின் தீவிரம் உறைத்தது.

“அப்ப நான் வேலைக்குப் போன பிறகு, பகல்ல வர்றவங்களுக்கு யாரு சுவிட்சு போடறது?”

தேன் வெளிச்சத்தில் மூவரின் முகமும் ஒரே நிறத்தில் இருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. அடுத்த வீட்டு மீன்தொட்டியைப் பற்றி எழுதினால் நம்மவரும் இப்படித்தான் சிரிப்பார். ஒன்று மட்டும் கேட்கலாமா? விருந்தாளி வந்தால் உங்கள் வீட்டில் முதலில் எதைக் காட்டுகிறீர்கள்? அதற்கு இடம் வேண்டும் என்று யாரை எழுந்து தள்ளி உட்காரச் சொன்னீர்கள்? நினைவுக்கு வராவிட்டால் வீட்டிலேயே விசாரியுங்கள். எழுந்தவருக்கு மறந்திருக்காது.

திங்கட்கிழமை காலை மச்சான் வேனோடு வந்து அக்காவின் மேசையை எடுத்துப் போகிறார்.