வடிவான ரோடும் கழுவாத காலும்

யுத்த காலத்தில் ஒரு தமிழ் லொறிச் சாரதி சாராயத்தை விரும்பலாம், சீட்டாட்டத்தை விரும்பலாம், அடுத்த வீட்டுப் பெண்ணைக்கூட விரும்பலாம். இயற்கைக் காட்சியை மட்டும் விரும்பக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பொலிஸ் செலவில் நானே படித்துக்கொண்டேன்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு. கிராண்ட்பாஸில் இரும்புக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவின் லொறியை ஓட்டினேன். மற்றச் சாரதிகள் மெயின் ரோட்டில் பறந்து போய்ப் பறந்து வருவார்கள். நானோ சாமானை இறக்கியதும் குறுக்கு ரோட்டில் திரும்பிவிடுவேன். தென்னந்தோட்டம், வயல், குளக்கட்டு, ஒரு தேத்தண்ணிக் கடையும் ஒரு சலூனும் மட்டும் உள்ள குட்டி டவுன்கள். (என் சம்பளத்துக்கு சுவிஸ் போக முடியாது. இதுதான் என் சுவிஸ்.) போகிற இடமெல்லாம் இறங்கி நின்று, இந்த ரோடு எங்கே போகிறது என்று விசாரிப்பதும் என் பழக்கம். எவ்வளவு பெரிய விசரன் நான்.

தங்கச்சியின் கலியாணம் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நடக்க இருந்தது. அப்பா இல்லை, நான் ஒரே அண்ணன். எங்கள் வழக்கப்படி மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி அழைத்து வருவது பெண்ணின் சகோதரன்தான். அதற்கு மாப்பிள்ளை மோதிரம் போடுவார். மோதிரத்தை விடுங்கள், அந்த இடம் என்னுடையது. கலியாணத்துக்கு முதல் நாள் குருநாகலில் இரும்பை இறக்கிவிட்டு, வாசலில் கட்டக் குலை போட்ட வாழைமரங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

"நேரா வா தம்பி, எங்கயும் நிக்காதை" என்று அம்மா காலையிலேயே சொல்லியிருந்தார். நானும் ஓம் என்று தலையாட்டியிருந்தேன்.

ஆனால் வெயில் தாழ்ந்த நேரம், ஒரு குளம். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன், அது நல்ல ஊர். குளம் நிறையத் தாமரை. லொறியைக் குளக்கட்டில் நிறுத்தி ஆசை தீரப் பார்த்தேன். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டே, குளம் எவ்வளவு ஆழம், அக்கரை ரோடு எங்கே போகிறது என்று என் கொச்சைச் சிங்களத்தில் கேட்டேன். கடை முதலாளி சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். சிரித்துக்கொண்டே உள்ளே போய் டெலிபோனை எடுத்தார்.

பொலிஸில் பெரியவர் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அய் மே பாரென் ஆவே?" என்றார். ஏன் இந்த ரோட்டால் வந்தாய் என்று.

"லஸ்ஸனய் சேர்" என்றேன். வடிவாக இருக்கிறது என்று.

பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அந்த ஊரில் எனக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்றிருந்தால் முதுகில் தட்டியே அனுப்பியிருப்பார்.

"குளத்தில் என்ன பார்த்தாய்?"

"தாமரை, சேர்."

"யார் பார்க்கச் சொன்னது?"

விடிந்தால் தங்கச்சிக்குக் கலியாணம் என்று கெஞ்சினேன். பிடிபடுகிற எல்லாருக்கும் தங்கச்சி இருக்கிறாள் என்றார். வாழைமரங்களுக்குள் என்ன ஒளித்திருக்கிறது என்று இரும்புக் கம்பியால் குத்திக் குத்திப் பார்த்தார்கள். குலைகளையும் விசாரித்தார்கள். பழுத்த சீப்புகளில் ஒன்றுகூட விசாரணைக்குப் பின் மிஞ்சவில்லை. என்னைக் கம்பிக் கூட்டில் போட்டுப் பூட்டினார்கள்.

லொறிக் கதவில் எழுதியிருந்த கடை இலக்கத்துக்கு மறுநாள் காலைதான் டெலிபோன் எடுத்தார்கள். நானா வந்து, தன் லொறி, தன் ஆள் என்று உறுதி சொல்லி என்னை எடுத்தபோது முகூர்த்தம் முடிந்திருந்தது.

"பாக்குறதுக்கு ஒனக்கு வேற நாள் கெடைக்கல்லயாடா?" என்றார் நானா.

அந்த நாட்களில் வீடு திரும்பாத பிள்ளை என்றால் என்ன அர்த்தம் என்று அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் கலியாணத்தை நிறுத்தவில்லை. நான் வருகிற வழியில் என்று எல்லாரிடமும் சிரித்த முகமாகச் சொல்லிக்கொண்டு, வாசலையே பார்த்தபடி நின்றிருக்கிறார். பெரியம்மாவின் மகன் என் இடத்தில் நின்று காலைக் கழுவி மோதிரத்தை வாங்கிக்கொண்டான். பின்னேரம் ஓட்டை விழுந்த வாழைமரங்களோடு நான் போய் இறங்கியபோது அம்மா ஏசவில்லை. என் முகத்தையும் கையையும் தடவி, அடி ஏதும் பட்டிருக்கிறதா என்று பார்த்தார். பிறகுதான் அழுதார். ஒரு குளத்தைப் பார்த்ததற்கு அம்மா அப்படி அழ வேண்டியிருந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

எல்லாரும் அழ, புது மாப்பிள்ளைதான் காலை நீட்டினார். "மச்சான், அவன் வடிவாக் கழுவேல்லை. நீர் ஒருக்காக் கழுவும்."

அன்றைக்குப் பிடித்த பகிடியை அவர் விடவேயில்லை. எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் வாசலில் நின்று, "மச்சான், என்ர கால் இன்னும் கழுவேல்லை" என்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

யுத்தம் முடிந்தபிறகு ஒருமுறை அவருடைய வாகனத்தில் அந்தப் பக்கம் போனோம். வழி கேட்டுக் கேட்டு அதே குளக்கட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். அதே தாமரை. அவர் இறங்கிப் போய்க் குளத்தில் காலைக் கழுவினார்.

"சரி மச்சான், கழுவியாச்சு. இறங்கி வாரும், நல்ல வடிவா இருக்கு."

"நீர் பாத்திட்டு வாரும்" என்றேன். என் கை சட்டைப்பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று தடவிக்கொண்டிருந்தது. நான் இறங்கவில்லை.